பார்த்தாச்சு

நானும் என் நாத்தனாரும் பதினோரு மாதம் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். ஒரே வீடு. மாடியில் அவள், கீழே நானும் என் வீட்டுக்காரரும். ஒரே வேலை. ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். கயிறு என்றால் நிஜக் கயிறு. உறவு, பந்தம், பாசம் என்று நீங்களாக எதையாவது கற்பனை செய்துகொண்டு கண்ணைத் துடைக்க வேண்டாம். பத்து மில்லிமீட்டர் தடிமன், நாற்பது மீட்டர் நீளம். ஒரு முனையில் ஏறுகிறவள், மறு முனையில் அவள் விழாமல் பிடித்துக்கொள்கிறவள். அவள் ஏறினால் நான் பிடிப்பேன், நான் ஏறினால் அவள் பிடிப்பாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பொம்பளைகள் செய்யவே கூடாத வேலை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

எங்களுடையது பாறை ஏறக் கற்றுக்கொடுக்கும் கூடம். முன்பு நூல் கிடங்காக இருந்த கட்டடம். பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்குப் பலகை அடித்து, சாம்பல் நிறம் பூசி, அதில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பிளாஸ்டிக் பிடிகளை முடுக்கி வைத்திருக்கிறோம். தூரத்திலிருந்து பார்த்தால் சுவருக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். உள்ளே நுழைகிறவர்களை முதலில் வரவேற்பது நாங்கள் இல்லை, வாடகை ஷூக்களின் வாடை. அதற்கு நாங்கள் அடிக்காத ஸ்ப்ரே கிடையாது. வாடைதான் ஜெயித்தது.

நிஜப் பாறைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் எங்களிடம் வந்து கை கால் நடுக்கத்தைத் தீர்த்துக்கொண்டு போவார்கள். காட்டில் வழி தவறினால் எப்படிப் பிழைத்து வருவது என்று ஒரு வகுப்பும் உண்டு. அதை என் நாத்தனார்தான் எடுப்பாள். தண்ணீர் எங்கே தேடுவது, ஈர விறகில் தீ எப்படி மூட்டுவது, குளிரில் விறைக்காமல் எப்படிப் படுப்பது எல்லாம் அருமையாகச் சொல்லிக்கொடுப்பாள். பதறாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்பது அந்த வகுப்பின் முதல் பாடம். அதை அவள் வாயால் கேட்கும்போதெல்லாம் நான் குடோனுக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவேன். சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்காமல் எழுந்திருக்கத் தயாராக உட்காரும் ஜென்மம் அது. மாணவர்கள் அவளைப் பல்லி என்பார்கள். சுவரில் அப்படி ஒட்டிக்கொண்டு போவாள். அந்தப் பட்டத்தில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

சண்டை எதனால் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு கடிதத்தால். நிஜ மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி உரிமத்துக்கு அவள் மலையேற்றச் சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டாள். சங்கத்துக்காரர்கள் அவளோடு வேலை செய்கிற மூத்தவள் என்று என்னிடம் ஒரு படிவம் அனுப்பிக் கேட்டார்கள்: இவரைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன? நானும் நாலு நாள் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினேன். திறமை நிறைய இருக்கிறது, அவசரமும் இருக்கிறது, ஒரு வருடம் போகட்டும். இவ்வளவுதான். அந்த மகானுபாவர்கள் அதை அப்படியே நகல் எடுத்து, நிராகரிப்புக் கடிதத்தோடு சேர்த்து ஊசி குத்தி அவளுக்கே அனுப்பிவிட்டார்கள். மலை ஏறத் தெரிகிறது, ஒரு தபாலை ஒழுங்காக அனுப்பத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, கடிதத்தை என் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மேலே ஏறிப் போனாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். அவள் கத்தவில்லை. பேசாமல் இருந்தாள். சரி, எத்தனை நாளைக்கு என்று பார்க்கலாம் என்று நானும் இருந்தேன். எனக்கென்ன வாய் இல்லையா, அதை மூடி வைக்கத் தெரியாதா?

நடுவில் மாட்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரர், அவளுடைய அண்ணன். அவருக்கு உயரம் ஆகாது. பல்பு மாட்ட ஸ்டூல்மேல் ஏறச் சொன்னால் வியர்த்துவிடும். கூடத்தில் போல்ட் முடுக்குவது, டிக்கெட் கிழிப்பது, கயிறு துவைப்பது அவர் வேலை. அந்தப் பதினோரு மாதமும் அதோடு தபால் வேலையும் சேர்ந்துகொண்டது.

"என்னங்க, மூணாம் நம்பர் கயிறு உறை தேஞ்சு போச்சு. வெட்டிப் போடச் சொல்லுங்க அவகிட்ட" என்பேன் நான்.

அவர் நாலடி தள்ளி நிற்கும் தங்கை பக்கம் திரும்புவார். "மூணாம் நம்பர் கயிறு..."

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. நேத்தே வெட்டியாச்சுன்னு சொல்லிடுண்ணா."

"வெட்டியாச்சாம்" என்பார் என்னிடம். நடு நெற்றியைத் தேய்த்துக்கொள்வார், பாவம்.

முடிச்சு பார்ப்பதும் அவர் தலையில்தான் விழுந்தது. இது என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏறுகிறவள் கயிற்றில் முதலில் எட்டு மாதிரி ஒரு முடிச்சுப் போடுவாள். பிறகு கயிற்றின் நுனியை இடுப்புப் பட்டையிலுள்ள வளையங்களுக்குள் விட்டு, அதே எட்டின் வழியாகத் திரும்பக் கொண்டுவந்து இறுக்குவாள். கீழே நிற்கிறவள் இடுப்பில் ஒரு பிரேக் இருக்கும், கயிறு அதன் வழியாகப் போகும். ஏறும் முன்னால் இவள் முடிச்சை அவளும், அவள் பிரேக்கை இவளும் தொட்டுப் பார்த்து, சத்தமாக 'பார்த்தாச்சு' என்று சொல்ல வேண்டும். எங்கள் கூடத்துச் சுவரில் இதைச் சிவப்புப் பெயின்டில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். எழுதியது நானேதான், ஏணி போட்டு. கயிறு அறுந்து விழுந்தவர்களை நான் பார்த்ததில்லை. முடிச்சைப் பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் வருடக்கணக்காக ஏறுகிறவர்கள். புதிதாக வருகிறவன் பயத்தில் மூன்று தடவை சரிபார்ப்பான்.

சண்டைக்குப் பிறகு நாங்கள் ஒருத்தி இடுப்பை ஒருத்தி தொடவில்லை. என் வீட்டுக்காரர் வந்து இவள் முடிச்சை ஒரு இழுப்பு, என் பிரேக்கை ஒரு திருகு, "சரி, சரி" என்று இரண்டு சரி சொல்லிவிட்டுப் போவார். ஏற்பாடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை அவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது.

ஒன்பது மணிக்குப் பல் டாக்டரிடமிருந்து போன் செய்தார். பிடுங்கியே ஆகணுமாம், வர மத்தியானம் ஆகுமாம். அன்றைக்கென்று பத்து மணிக்கு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பேர், மானேஜரோடு. அலுவலகத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும் என்பதற்காகக் கூட்டி வந்திருந்தார்கள். அப்படி நம்ப வைப்பதற்குப் போயும் போயும் எங்கள் இருவரிடம் கூட்டி வந்தார்கள் பாருங்கள், அதைச் சொல்லுங்கள்.

முதல் பாடமே முடிச்சு பார்ப்பதுதான். ஒருத்தி ஏறி ஒருத்தி பிடித்துச் செய்து காட்டியாக வேண்டும். நான் பிரேக்கை மாட்டிக்கொண்டு சுவரடியில் போய் நின்றேன். அவள் கயிற்று முனையை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றாள். பேச்சு அவளுக்கு நன்றாக வரும்.

"இது எட்டு. தெரியுதா? இப்ப இந்த நுனிய இடுப்பு வளையத்துக்குள்ள விடறேன்..."

விட்டாள். அடுத்தது அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்த நேரம் பார்த்து மானேஜர் கையைத் தூக்கினார்.

"மேடம், ஒரே ஒரு சந்தேகம். இங்க இதுவரைக்கும் எத்தனை பேர் விழுந்திருக்காங்க? எங்க தொழில் அப்படி, தப்பா நினைச்சுக்காதீங்க."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள். இந்தக் கேள்வி அவளுக்கு மிகவும் பிடிக்கும். பதினாலு வருடமாக ஒரு எலும்பு முறிந்ததில்லை, ஒரு பல் உடைந்ததில்லை, உங்கள் ஆபீஸ் மாடிப்படியைவிட இது பத்திரம் என்று ஆரம்பித்தாள். அவர்கள் ஆபீஸ் லிஃப்டைக் கிண்டல் செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பியபோது, முகம் என்னைப் பார்த்ததும் சாத்திக்கொண்டது.

"இப்ப ஜோடியில இருக்கிறவங்க என்ன செய்யணும்? முடிச்ச பாக்கணும்" என்றாள் கூட்டத்திடம்.

என் எதிரில் வந்து நின்றாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, என் தலைக்கு மேலே இருக்கும் கடிகாரத்தைப் பார்த்தாள். குனிந்து, அவள் வயிற்றுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், விரலை வைத்துப் பார்க்க வேண்டியது என் வேலை. ஒரு நொடி காரியம். பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள். இவள் முன்னால் நான் குனிவதா என்று எனக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டது. இதைவிட நாசூக்காக அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு, "பார்த்தாச்சு" என்றேன்.

பதினோரு மாதத்தில் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. அதுவும் பொய்.

அவள் என் பிரேக்கின் கொக்கியைத் திருகிப் பார்த்தாள். கயிற்றை ஒரு தடவை சுண்டினாள். ஒழுங்காகத்தான் பார்த்தாள், அதைச் சொல்லியாக வேண்டும். "பார்த்தாச்சு" என்றுவிட்டு ஏற ஆரம்பித்தாள்.

கயிறு அவள் இடுப்பிலிருந்து மேலே உச்சியில் இருக்கும் வளையத்துக்குப் போய், அங்கிருந்து இறங்கி என் பிரேக்குக்கு வரும். அவள் ஏற ஏற, மிச்சக் கயிற்றை நான் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவளோ ஏறிக்கொண்டே பேசினாள். கை பிடிப்பதைவிடக் கால் வைப்பதுதான் முக்கியம், காலை நம்புங்க என்று மேலிருந்து பிரசங்கம். பாதிச் சுவரில் ஒரு பெரிய பச்சைப் பிடி உண்டு, இரண்டு பாதமும் வைத்து நிற்கலாம். அதில் ஏறி நின்று பக்கவாட்டில் திரும்பினாள். அப்போதுதான் அவள் தொடையோரம் ஒரு வால் ஆடுவதைப் பார்த்தேன்.

முடிச்சுப் போட்ட பிறகு மிச்சம் தொங்குகிற நுனி ஒரு சாண் இருக்கும். இது ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. எட்டு மேலே தனியாக இருக்கிறது. நுனி வளையத்துக்குள் நுழைந்து சும்மா தொங்குகிறது. அவள் ஒரு சாய்வு சாய்ந்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். அதற்கும் மேலே ஒன்று. இவ்வளவு நேரம் ஒழுங்காக, அக்கறையாக, விதிப்படி கயிற்றை இழுத்து இழுத்து, அந்த நுனியை அவள் இடுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டிருந்தது நான்தான்.

கையைத் தளர்த்தினேன். கயிறு அவள் முன்னால் தொய்ந்து வளைந்தது. அவள் ஒரு நொடி குனிந்தாள், காலை எங்கே வைப்பது என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகு மேலே ஏறினாள்.

இந்த இடத்தில் நான் என்ன யோசித்தேன் என்று சொல்கிறேன். உயரத்தில் இருக்கிறவளிடம் உனக்கு முடிச்சு இல்லை என்று கத்தினால் பதறிவிடுவாள். பதறினால் கை வியர்க்கும். வியர்த்தால் வழுக்கும். கீழே இருப்பது இரண்டு விரல்கடை ரப்பர் விரிப்பு, தலை குப்புற விழுகிறவளுக்கு அது இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பக்கத்துக் கயிற்றில் ஏறிப்போய்ப் பிடிக்கலாம் என்றால், என்னைப் பிடிக்க அங்கே ஆளில்லை. பாலிசி எழுதத் தெரிந்த பன்னிரண்டு பேர்தான் இருக்கிறார்கள். ஆகவே பதறாமல் பேசி, அவளை உச்சிக்கே போக வைத்து, அங்கே இருக்கும் சங்கிலியில் அவள் தன்னைக் கோத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். இடுப்புக்குப் பின்னால் எப்போதும் கொக்கி போட்ட ஒரு குட்டைப் பட்டை தொங்கவிட்டிருப்பாள், அது போதும். இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் அவள் இரண்டு மூன்று பிடி ஏறிவிட்டாள்.

"ஏய் பல்லி!"

கூட்டம் சிரித்தது. மேலே அவள் நின்றாள். திரும்பவில்லை.

"என்ன?" என்றாள் சுவரைப் பார்த்து.

"உச்சி வரைக்கும் போ. போனதும் எப்பவும் போல பின்னாடி சாயாத. பின்னால தொங்கற பட்டைய எடுத்துச் சங்கிலியில மாட்டு. இவங்களுக்கு அத ஒண்ணு காட்டணும்."

"எங்கிட்டயா பேசறீங்க?"

"பின்ன காத்தாடிகிட்டயா பேசறேன்?"

உச்சிக்கு இன்னும் இரண்டு மீட்டர் இருந்தது. அந்த இரண்டு மீட்டரும் விரல் நுனி மட்டும் பதியும் மெல்லிய விளிம்புகள். அந்தப் பாதையை அவளே அமைத்தாள், கொலைகாரப் பாவி. அவள் முன்னங்கை நடுங்குவது கீழேயிருந்தே தெரிந்தது. அவளைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். கோபம் வந்தால் அவள் பிடி இறுகும். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் நடுங்கும், இவளுக்கு நடுக்கம் நிற்கும். ஆகவே வம்பை இழுத்தேன்.

"நான் எழுதினது தப்புன்னு இன்னும் நினைச்சுக்கிட்டிருக்கியா?"

"இப்ப அதப் பேசணுமா?"

"இப்பதான் பேசணும். அவசரக்காரின்னு நான் எழுதல. அவசரமும் இருக்குன்னு எழுதினேன்."

"அடேயப்பா, பெரிய வித்தியாசம்!" விரலை மாற்றி அடுத்த விளிம்பைப் பிடித்தாள். பிடி இறுகியிருந்தது. "ஒரே வீட்ல இருந்துகிட்டு, நான் எப்படின்னு சங்கத்துக்குத் தபால் போடறீங்க. படியேறி வந்து என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல முடியல இல்ல?"

"சொன்னா நீ கேட்டுடுவியா?"

"கேக்க மாட்டேன். கத்துவேன். ரெண்டு நாள் சாப்பிடாம இருப்பேன். அப்புறம் கேப்பேன். இருபது வருஷமா பாக்கறீங்க, இது தெரியாதா உங்களுக்கு?"

எனக்குத் தெரியும். தெரிந்துதான் படியேறவில்லை, அந்த இரண்டு நாளைத் தாங்கச் சோம்பல்பட்டுக்கொண்டு. அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தபோது அவளுடைய இடது கால் வழுக்கியது.

பின்னால் யாரோ 'ஐயோ' என்றார்கள். அவள் இரண்டு கை விரல்களில் தொங்கினாள். அந்த வால் வளையத்துக்குள் சரசரவென்று ஏறி, அரை முழமாகி, ஒரு சாணாகி நின்றது. நான் கயிற்றை மொத்தமாக விட்டுவிட்டேன். பதினாலு வருடத்தில் ஏறுகிறவள் இருக்கும்போது கயிற்றிலிருந்து நான் கையெடுத்தது அந்த ஒரு தடவைதான். பிடித்தால் செத்துவிடுவாள், விட்டால்தான் பிழைப்பாள் என்ற நிலைமை எந்தப் பாட புத்தகத்திலும் கிடையாது.

"கால வை" என்றேன். "இடது முட்டிக்குக் கீழ மஞ்சள் இருக்கு. வைம்மா. வைடி. அவ்வளவுதான். இப்ப வலது கை. சங்கிலி அங்கதான் இருக்கு."

காலை வைத்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முதுகுப் பக்கம் துழாவி, பட்டையை எடுத்து, சங்கிலியில் கொக்கியைப் போட்டாள். டிக் என்று ஒரு சின்ன சத்தம். எந்தச் சங்கீதமும் என் காதுக்கு அவ்வளவு இனித்ததில்லை.

"இப்ப குனிஞ்சு முடிச்ச பாரு" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். திடுக்கிடவில்லை. நுனியை எடுத்து எட்டுக்குள் நிதானமாக விட்டு, இறுக்கி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, நான் கயிற்றை மறுபடி பிடித்து இறுக்கியதும் கொக்கியைக் கழற்றிவிட்டு, "இறக்குங்க" என்றாள். இவள் ஒரு தடவையாவது மறுபேச்சில்லாமல் நான் சொன்னதைச் செய்திருக்கிறாளா என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள்.

"சூப்பர் மேடம்! நிஜம்னே நினைச்சுட்டோம்" என்றார் மானேஜர். "அதுவும் அந்தக் குடும்பச் சண்டை இருக்கே, பிரமாதம். எங்க ட்ரெயினிங்ல எல்லாம் இப்படி யாரும் நடிக்க மாட்டாங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். அவர்களாகவே ஒரு கதையைக் கட்டி எங்கள் மானத்தைக் காப்பாற்றிக் கையில் கொடுக்கிறார்கள், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். நாளைக்கு இவர்கள் ஒருத்தர் கயிற்றை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள் என்ற நினைப்பு வந்து தொலைத்தது.

"நடிப்பு இல்ல சார்" என்றேன். "அவ முடிச்சப் போடல. நான் பாக்காமயே பார்த்தாச்சுன்னு சொன்னேன். நாங்க ரெண்டு பேரும் சண்டை, அதனால குனிஞ்சு பாக்க எனக்குக் கௌரவம் இடம் குடுக்கல."

பின்வரிசையில் ஒருவர் சத்தமில்லாமல் தன் இடுப்புப் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அவிழ்த்தார்கள். மானேஜர் வாயைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்து, "டீ கிடைக்குமா?" என்று கேட்டார். எதிரில் கடை இருக்கிறது, அரை மணி நேரம் கழித்து வாருங்கள், வராவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று அனுப்பி வைத்தேன்.

அவள் ஷூ அறைக்குள் போயிருந்தாள். மூன்று பக்கமும் அலமாரி, நடுவில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றாமல் கயிற்றுத் தூசி படிந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினோரு மாதத்துக்குப் பிறகு ஒரே பெஞ்சில். நான் அழுதுகொண்டிருந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

"நான் பாத்திருக்கணும்" என்றேன். "உன்மேல தப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாக்க வேண்டியவ நான். எம்மேலதான் பெரிய தப்பு."

"ம்" என்றாள்.

"வால் தொங்கறத பாத்ததும் கத்தியிருப்பேன். நீ பதறிடக் கூடாதுன்னுதான் உடனே சொல்லல."

அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில், கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பொடி, அதில் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது.

"அண்ணி, பச்சைப் பிடியில நிக்கும்போதே எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கயிறு திடீர்னு தளர்ந்துச்சு. நீங்க கயிறத் தளர விடற ஆளா? என்னடா இதுன்னு குனிஞ்சேன். வால் தெரிஞ்சுது. அப்படியே கீழ உங்க மூஞ்சியப் பாத்தேன். நீங்களும் பாத்துட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

அந்தப் பச்சைப் பிடியை மனதுக்குள் கொண்டுவந்து பார்த்தேன்.

"அங்க ரெண்டு கால் வச்சு நிக்கலாமே" என்றேன். "ரெண்டு கையும் ஃப்ரீயா இருந்துச்சே. அங்கயே முடிச்சப் போட்டிருக்கலாம். இறங்கி வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

"அப்புறம் ஏண்டி மேல ஏறின?"

அவள் வெட்கப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

"நீங்க வாயத் தொறக்கற வரைக்கும் ஏறலாம்னு ஏறினேன்."

கையில் அகப்பட்ட வாடகை ஷூவை எடுத்து எதிர் அலமாரியில் விட்டெறிந்தேன். இன்னொன்றை எடுத்து அதையும் எறிந்தேன். அறிவிருக்கிறதா, மூளை என்று ஒன்று தலையில் இருக்கிறதா, செத்திருந்தால் உன் அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன், எனக்கு நானே என்ன பதில் சொல்வேன் என்று கத்தினேன். பதினோரு மாதக் கத்தல். அவள் அத்தனையையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் பைத்தியக்காரி, சரி" என்றாள். "நீங்க ஏன் பாத்துக்கிட்டே நின்னீங்க?"

பதறுவாள், கை வியர்க்கும், வழுக்கும், சங்கிலி, கொக்கி. எல்லாக் காரணமும் வரிசையாக வாயில் நின்றன. அதெல்லாம் பிறகு யோசித்தது. முதலில், அந்த வாலைப் பார்த்த அந்த நொடியில், எனக்குத் தோன்றியது வேறு. முடிச்சைப் போடாதவள் அவள்தானே, அவளே கூப்பிடட்டும் என்றுதான் தோன்றியது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். ஆனால் தோன்றியது.

"மூணு பிடிதான்" என்றேன். என் குரல் கெஞ்சுவது எனக்கே கேட்டது. "மூணாவது பிடியிலயே கூப்பிட்டுட்டேனே."

அவள் தலையை ஆட்டினாள்.

"ஆறு" என்றாள். "ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டேதான் ஏறினேன்."